படத்துக்கு மொழி வேண்டாமா?

அன்புள்ள சார்,

ஒளிப்படக் கலைஞர் ஜிசேல் ஃப்ராய்ண்ட் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். பெர்லினில் பிறந்து, ஃபிராங்ஃபர்ட்டில் சமூகவியல் படித்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 24 வயதில் பாரிசுக்குத் தப்பிப் போன பெண். போன இடத்தில் படிப்பையும் விடவில்லை, கேமராவையும் விடவில்லை. படித்ததிலிருந்து அவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, யாரும் என்னைத் துரத்தவில்லை. நானாகத்தான் விமானம் ஏறி வந்தேன். இருந்தாலும் சில விஷயங்கள் ஒத்துப்போகின்றன.

நான் திண்டுக்கல் பக்கம். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். மிச்ச நேரத்தில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை. என் ஜெர்மன் ரொட்டிக் கடையோடு சரி. ஊரில் இருந்தவரை தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன், கல்லூரி மலரில் இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. இப்போது எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் ஓடுவதில்லை. அம்மாவிடம் போனில் பேசும்போதுகூடச் சில சொற்களுக்குத் தடுமாறுகிறேன்.

படம் எடுக்கும்போது மட்டும் இந்தத் தொல்லை இல்லை. போன சனிக்கிழமை சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பெரியவர் ஒருவரைப் படம் எடுத்தேன். அவர் சத்தம் போட்டார். பாதி புரியவில்லை. முகம் சிவந்துபோய்த் திரும்பி வந்துவிட்டேன். இனி ஜூம் லென்ஸ் வாங்கித் தள்ளி நின்றே எடுப்பதாக இருக்கிறேன்.

எழுத்தை இத்தோடு விட்டுவிட்டுப் படத்தில் மட்டும் இறங்கினால் என்ன என்று தோன்றுகிறது. படத்துக்கு மொழி தேவையில்லையே? இல்லை, எழுதத்தான் வேண்டும் என்றால் எந்த மொழியில் எழுதுவது? படிப்பு நேரத்தைக் கேமரா தின்கிறது என்ற குற்ற உணர்ச்சி வேறு. நான் எடுத்த சில படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

‘படத்துக்கு மொழி தேவையில்லை’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஒளிப்படக்காரர்களே சொல்வார்கள். ஆனால் நீங்கள் துணைக்கு அழைத்து வந்திருக்கும் ஃப்ராய்ண்ட் இந்த விஷயத்தில் உங்கள் கட்சி இல்லை. அவர் அனுபவித்துத் தெரிந்துகொண்டது இதற்கு நேர் எதிரானது.

1930களின் நடுவில் அவர் பாரிஸ் பங்குச் சந்தையில் ஒரு தரகரை வரிசையாகப் படம் எடுத்தார். ஒரு படத்தில் அந்த ஆள் சிரிக்கிறார், இன்னொன்றில் கவலையோடு உருண்டை முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், வேறொன்றில் கையை ஆட்டிக் கூட்டத்தை உசுப்புகிறார். ‘பாரிஸ் பங்குச் சந்தையில் சில காட்சிகள்’ என்கிற மாதிரி யாருக்கும் வலிக்காத ஒரு தலைப்போடு பல பத்திரிகைகளுக்கு அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெல்ஜியப் பத்திரிகையின் நறுக்கு வந்தது: பங்குச் சந்தையில் ஏற்றம், விலைகள் எங்கோ போய்விட்டன என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே அவர் எடுத்த படங்கள். அப்புறம் ஒரு ஜெர்மன் பத்திரிகை கைக்குக் கிடைத்தது. அதே படங்கள். தலைப்பு மட்டும் பங்குச் சந்தையில் பீதி, சொத்துகள் சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் போண்டி.

படத்தில் யாரும் கை வைக்கவில்லை, வெட்டி ஒட்டவும் இல்லை. அந்தத் தரகரின் வியர்வை ஒரு நாட்டில் சந்தோஷ வியர்வை, இன்னொரு நாட்டில் திவாலானவனின் வியர்வை. ஃப்ராய்ண்ட் தன் வயதான காலத்தில், 1974ல், ஒளிப்படமும் சமூகமும் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்கிறார். நீங்கள் எழுதாமல் விட்டால் உங்கள் படம் மௌனமாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இருக்காது. வேறு யாராவது வந்து அதன் கீழே எழுதிவிட்டுப் போவார்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்குப் பிடித்தது விடுதிச் சமையலறையில் கதவு திறந்து கிடக்கும் ஃப்ரிட்ஜ். ஒவ்வொரு தட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று அரபியில், ஒன்று சீன எழுத்தில், கீழ்த்தட்டில் தமிழில் உங்கள் பெயர் பாதி உரிந்து தொங்குகிறது. பக்கத்தில் தயிர் டப்பா, அதன் மூடியில் யாரோ பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். தயிரைத் திருடுகிறார்கள் என்று யாருக்கோ சந்தேகமா? அந்தக் கோடு போட்டது நீங்களா, உங்களைச் சந்தேகப்பட்டவரா? பார்க்கிற எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ‘வெளிநாட்டு மாணவர் வாழ்க்கை’ என்று எழுதி ஒரு பல்கலைக்கழக விளம்பரத்தில் இதைப் போட்டால் எல்லோரும் ஒன்றாகக் கூடி வாழ்கிறார்கள் என்றாகிவிடும். வெளிநாட்டவரே வேண்டாம் என்கிற கட்சி இதை எடுத்துப் போட்டால் என்ன எழுதுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. படக்குறிப்பை நீங்களே எழுதிவிடுவது நல்லது.

சரி, சந்தைக்கு வருவோம். பெரியவர் எதற்காகக் கத்தினார் என்று விசாரித்தீர்களா? ஜெர்மனியில் தன் உருவத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 1898ல் ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு ஒளிப்படக்காரர்கள் அவர் வீட்டுக்குள் நுழைந்து, பிணத்தைப் படம் எடுத்து விற்கப் பார்த்தார்கள். வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. ஆனால் இப்படிப்பட்ட படத்தை நேரடியாகத் தடுக்கிற சட்டம் எதுவும் அன்று கிடையாது. அந்த விவகாரம் கிளப்பிய கூச்சலின் தொடர்ச்சியாக 1907ல் வந்த சட்டத்தின் அந்தப் பகுதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ஆளை அடையாளம் தெரியும்படியான படத்தை வெளியிட வேண்டுமென்றால் அந்த ஆளின் சம்மதம் வேண்டும். ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக நீங்கள் இருக்கிற நாட்டில் ஒரு முகத்தைப் படம் எடுப்பதே கேள்வி கேட்பதில்தான் தொடங்குகிறது. ‘எடுக்கலாமா?’ என்று கேட்கவாவது ஜெர்மன் வேண்டும். ஜூம் லென்ஸ் வாங்கினால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பலாம், சட்டத்திலிருந்து தப்ப முடியாது. தவிர, அந்த லென்ஸ் விலையில் ஒரு மொழி வகுப்பே போய்விடலாம்.

முகத்தை எடுப்பதில் உள்ள ஆபத்து ஃப்ராய்ண்டுக்கு மாணவியாக இருந்தபோதே தெரியும். 1932 மே தினத்தில் ஃபிராங்ஃபர்ட் தெருக்களில் நாஜிகளுக்கு எதிராக நடந்த ஊர்வலத்தை அவர் லைக்கா கேமராவில் எடுத்தார். தூரத்திலிருந்து எடுக்கவில்லை, அவரும் அந்த இடதுசாரி மாணவர் கூட்டத்தில் ஒருவர். அடுத்த மே தினத்துக்குள் நாடு கைமாறிவிட்டது. 1933 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிச் சட்டம் வந்தது. அவருடைய பேராசிரியர் கார்ல் மன்ஹைமை வேலையை விட்டு அனுப்பினார்கள். மே மாத இறுதியில் ஃப்ராய்ண்ட் ரயிலேறினார். நெகட்டிவ்களை உடம்போடு கட்டிக்கொண்டு எல்லை தாண்டினார் என்று சொல்லப்படுவதுண்டு. ஊர்வலத்தில் தோழர்களாக இருந்த அந்த முகங்கள் போலீஸ் கையில் கிடைத்திருந்தால் தேடப்படுவோர் பட்டியல் ஆகியிருக்கும்.

படிப்பு நேரத்தைக் கேமரா தின்கிறது என்கிறீர்கள். ஃப்ராய்ண்ட் செய்ததைப் பாருங்கள், கேமராவையே படிப்பாக்கிவிட்டார். மன்ஹைமின் உதவியாளராக இருந்த நோர்பர்ட் எலியாஸ், பின்னால் பெரிய சமூகவியலாளர் ஆனவர், ‘ஒளிப்படத்தைப் பற்றியே ஆய்வேடு எழுதேன்’ என்று தூண்டினார். அன்றைக்கு அது ஒரு படிப்புக்குரிய விஷயமாகவே கருதப்படவில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் தொடங்கிய வேலையைப் பாரிசில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முடித்தார், 1936ல். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் ஒளிப்படம் என்ன செய்தது என்பதுதான் பொருள்.

அந்த ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் திஸ்தேரி என்ற ஸ்டூடியோக்காரர். பிரபுக்கள் தங்கள் உருவத்தை ஓவியனிடம் வரைந்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1786ல் ஒரு கருவி வந்தது, பக்கவாட்டு முகத்தை நிழல்போலக் கோடிழுத்துச் செப்புத் தகட்டில் செதுக்கிக்கொடுக்கும். விலை இறங்கியது. அப்புறம் ஒளிப்படம் வந்தது, சிற்றுருவ ஓவியர்கள் பிழைப்பிழந்து அவர்களில் பலர் ஒளிப்படக்காரர்களாகவே மாறினார்கள். திஸ்தேரி 1854ல் இன்னும் ஒரு படி இறங்கினார்: ஒரே தகட்டில் பல படங்கள், ஒவ்வொன்றும் விசிட்டிங் கார்டு அளவு. அதுவரை ஒரு படத்துக்கே 50, 100 பிராங்க் கொடுத்த இடத்தில் இவர் 12 படங்களை 20 பிராங்குக்குத் தந்தார். கடைக்காரர், குமாஸ்தா, சிப்பாய் எல்லோரும் வந்து நின்றார்கள். நிற்க ஒரு தூண், பின்னால் திரை, பக்கத்தில் குட்டி மேசை. எழுத்தாளனா, கையில் புத்தகம். அரசியல்வாதியா, மேசைமேல் காகிதச் சுருள். மேலே ஏறத் துடிக்கும் நடுத்தர வர்க்கம் தனக்கென்று ஒரு முகத்தை இப்படி வாங்கிக்கொண்டது என்பது ஃப்ராய்ண்டின் வாதம். திண்டுக்கல்லில் உங்கள் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பூச்சாடி ஸ்டாண்டு, வரைந்த மாளிகைத் திரை எல்லாம் அங்கிருந்து வந்து சேர்ந்தவைதான்.

இதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் பத்திரிகைகளுக்குப் படம் விற்றுத்தான் சாப்பிட்டார். எந்தப் பத்திரிகை எதை வாங்குகிறது, ஏன் இந்தப் படத்தைத் தள்ளி அந்தப் படத்தை எடுக்கிறது என்பதைக் கையில் காசில்லாமல் கற்றுக்கொண்டவர். காலையில் தேசிய நூலகத்தில் திஸ்தேரியின் கணக்குவழக்கு, மாலையில் தன் கணக்குவழக்கு. ஆய்வேட்டில் ஒளிப்படத்தை ஒரு வணிகமாகப் பார்க்கிற அந்தக் கூர்மை புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பாடம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. லாஜிஸ்டிக்ஸோ, கட்டடப் பொறியியலோ, எதுவாக இருந்தாலும் அதற்கும் நீங்கள் பார்சல் பிரிக்கும் கிடங்குக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தேர்வு முடியும்வரை கேமராவைப் பெட்டியில் வையுங்கள். விசா விஷயத்தில் நான் யாருக்கும் வீர உரை ஆற்றுவதில்லை.

அதே தேசிய நூலகத்தில் இன்னொரு அகதியும் உட்கார்ந்திருந்தார், ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். 1937ல் ஃப்ராய்ண்ட் அவரை அங்கே எடுத்த படங்கள் இருக்கின்றன. ஒன்றில் நூலக அட்டை இழுப்பறைமேல் குனிந்து நிற்கிறார். இன்னொன்றில் மேசையில் குனிந்து எழுதுகிறார். கேமரா இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்றிருக்கும். தெரியும், தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் எடுப்பவர் அதே அறையில் அதே மாதிரி அட்டைகளைப் புரட்டுகிற சக ஆய்வாளர். பெஞ்சமின் அவருடைய ஆய்வேட்டுக்கு மதிப்புரை எழுதினார், தன் குறிப்புகளில் அதிலிருந்து மேற்கோளும் எடுத்து வைத்தார். இந்தப் படத்தை ஜூம் லென்ஸ் எடுத்திருக்க முடியாது.

எழுத்தாளர்களை எடுக்கப் போகும் முன் ஃப்ராய்ண்ட் அவர்கள் புத்தகங்களைப் படித்துவிடுவார். போனதும் கேமராவைத் தூக்குவதில்லை. புத்தகத்தைப் பற்றிப் பேச்சை எடுப்பார். எழுத்தாளனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பேசிக்கொண்டே முகத்தை மறந்துவிடுவான், அப்போது எடுத்துவிடுவார். (இந்த வித்தையை என் மேலும் ஒருவர் பிரயோகித்திருக்கிறார். நன்றாகவே வேலை செய்கிறது.) 1939ல் ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸை வண்ணத்தில் எடுக்க அனுமதி கேட்டபோது ஜாய்ஸ் முதலில் பிடிகொடுக்கவில்லை. அவருடைய மூடநம்பிக்கைகள் தெரிந்த நண்பர்கள், கடிதத்தில் உன் கணவன் வீட்டுப் பெயரைப் போடு என்று யோசனை சொன்னார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்காக ஃப்ராய்ண்ட் செய்துகொண்ட காகிதக் கல்யாணத்தில் வந்த பெயர் ப்ளூம், ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவல் நாயகன் பெயரோடு ஒலியில் ஒட்டுகிற பெயர். கதவு திறந்தது. அந்தப் படம் அதே ஆண்டு மே 8 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் வந்தது. படிக்கிறவர்கள் சூழ்ந்திருந்ததால் கிடைத்த படம் அது.

அந்தச் சூழல் அவருக்கு அமைந்தது ஒரு புத்தகக் கடையில். பாரிசின் ஒதேயோன் தெருவில் அத்ரியன் மோனியே நடத்திய கடை. விற்பனையும் உண்டு, இரவல் கொடுப்பதும் உண்டு, எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்து பேசுவதும் உண்டு. ஃப்ராய்ண்டின் ஆய்வேட்டை நல்ல பிரெஞ்சில் கொண்டுவர உதவி செய்து, புத்தகமாக அச்சிட்டவர் மோனியே. 1939ல் அதே கடையில் திரை கட்டி எழுத்தாளர்களின் வண்ணப் படங்களைப் பெரிதாகக் காட்டினார் ஃப்ராய்ண்ட். படத்தில் இருந்தவர்கள் பலர் கூட்டத்திலும் இருந்தார்கள். அடுத்தவர் படம் பிரமாதம், என் படம்தான் மோசம் என்று ஆளாளுக்கு நினைத்தார்களாம். போகட்டும், முகநூலில் நம்மவர்கள் தினமும் செய்வதுதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, எந்த மொழியில் எழுதுவது என்பது. இதற்கு ஒரே பதிலை ஏன் தேடுகிறீர்கள்? ஃப்ராய்ண்ட் ஜெர்மனில் யோசித்தார், பிரெஞ்சில் பட்டம் வாங்கினார், இங்கிலாந்தின் வேலையில்லாத் தொழிலாளர்களை அமெரிக்கப் பத்திரிகைக்காகப் படம் எடுத்தார். ஜெர்மானியர் பிரான்சுக்குள் வந்ததும் மறுபடி ஓடி, அர்ஜென்டினா எழுத்தாளர் விக்தோரியா ஒகாம்போவின் உதவியால் 1942ல் அர்ஜென்டினா சேர்ந்தபோது ஸ்பானிஷ். எதிலும் நாட்டுக்காரர் மாதிரி பேசினாரா என்று கேட்டு அவரை யாரும் வாசலில் நிறுத்திவைக்கவில்லை. நிறுத்தினாலும் நின்றிருக்க மாட்டார்.

அம்மாவிடம் பேசும்போது சொல் வராமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். சென்னையில் இருப்பவர்களுக்கும் வருவதில்லை. அதை மொழி போய்விட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை என்றால் நாலு வரி எழுதுங்கள். ஒரு படத்துக்கு நாலு வரி, தமிழில்: யார், எங்கே, எத்தனை மணிக்கு, படச் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது. கதை எழுதப்போகிறேன் என்று உட்காராமல் இதைச் செய்தால் கை தானாகப் பழகும் என்பது என் கணிப்பு. உங்கள் கடிதத்தையே பாருங்கள், ‘முகம் சிவந்துபோய்த் திரும்பி வந்துவிட்டேன்’ என்பது எழுதத் தெரிந்தவரின் வரிதான்.

ஜெர்மனுக்கு வகுப்பு மட்டும் போதாது, ஆள் வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மொழி டான்டெம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. நீங்கள் அவருக்கு உங்கள் மொழி, அவர் உங்களுக்குத் தன் மொழி, காசு கிடையாது. உங்கள் பல்கலையிலும் இருக்கும், விசாரியுங்கள். தமிழ் கற்க எந்த ஜெர்மன்காரர் வரப்போகிறார் என்று தயங்க வேண்டாம். ஹைடல்பர்கில் தமிழ் கற்பிக்கிறார்கள், அங்கே படிக்கும் ஒருவரோடு வீடியோவில் பேசலாம். அதுவரை அந்த உருளைக்கிழங்குப் பெரியவரிடம் படத்தின் பிரதி ஒன்றை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் சேர்வதற்குள் போவது நல்லது, வியாபார நேரத்தில் எந்த ஊர்க் கிழவருக்கும் பொறுமை இருக்காது.

அன்புடன்.